நடுச்சுவர்ப் பக்கம் மேஜையை நகர்த்திய பிறகு

அந்த மே மாதத்தில் என் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தானாகவே அணைந்துபோனது.

கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள ஐந்தாறு ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். நான் சிட்லபாக்கத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பேன். மண்டபத்து விளக்குகள் முகங்களில் பூசிய பச்சையைக் கழுவுவேன். குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கு அடுத்த படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆயிரம் படங்களை ஒரே மூச்சில் மாற்றி வெளியே தள்ளச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனால், திரும்பி வரும்போது திரை கறுத்துக் கிடக்கும். பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டால் தோசைக்கல்.

அந்தப் பெட்டியின் விசிறி எட்டு வருஷமாக மிக்ஸி ஓடுவதுபோல இரைந்துகொண்டிருந்தது. கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலை ஆறரைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பகல் முழுக்க வீட்டில் நானும் அந்த இரைச்சலும்தான். பழகிப்போனதால் அது இரைச்சல் என்றே எனக்குத் தோன்றவில்லை.

விசிறி போதாதென்று, உள்ளே வேறொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிக். பள்ளிக்கரணையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து கம்ப்யூட்டர் பார்க்கும் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஐம்பது வயதிருக்கும். நான் அண்ணா என்பேன். அவர் வந்து பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்ள கம்பளியே நெய்ஞ்சு வெச்சிகினு கீற?"

விசிறியின் இறக்கைகளில் தூசி சாம்பல் நிறத்தில் திரிதிரியாகத் தொங்கியது. அவர் அதைச் சுத்தம் செய்யவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹார்டு டிஸ்க்கின் மேல் வைத்து, அதன் கைப்பிடியில் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள ஊசி தேடுது, கெடைக்கல. திரும்பித் தேடுது, கெடைக்கல," என்றார். "பேக்கப் வெச்சிகிறியா?"

"வெளி டிஸ்க்ல இருக்குண்ணா. போன அக்டோபர் வரைக்கும்."

"அப்ப இல்லன்னு சொல்லு."

டிஸ்க்கைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இனி அதை ஓட்டினால் இருப்பதும் போய்விடும் என்றார். புதுப் பெட்டி கட்டிவிடலாம், வேண்டியதை அவர் எழுதிக் கொடுக்கிறார், நான் யோசித்துச் சொன்னால் போதும் என்பது ஏற்பாடு.

ஒரு வாரம் முன்னறை சும்மா கிடந்தது. அந்த வாரத்தில்தான் எனக்கு எங்கள் தெரு எவ்வளவு அமைதியானது என்பதே தெரிந்தது. ஏரியிலிருந்து இரண்டாவது தெரு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஒரு காக்காகூடக் கத்தாது.

தேர்ந்தெடுப்பதற்கு நான் நினைத்ததைவிட அதிக யோசனை தேவைப்பட்டது. எல்லாவற்றையும் சத்தமே போடாத எஸ்.எஸ்.டி.யில் வைத்துவிடலாம், சுழல்கிற டிஸ்க்கே வேண்டாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேல செய்றது எஸ்.எஸ்.டி.ல. அது ரெண்டு போடு, ஒண்ணு சாஃப்ட்வேருக்கு, இன்னொண்ணு இப்ப ஓடற ஆல்பத்துக்கு. முடிஞ்ச ஆல்பமெல்லாம் பெரிய ஹார்டு டிஸ்க்குல. அது கெட்டா முன்னாடியே கத்தும், நமக்குத் தெரியும். எஸ்.எஸ்.டி. அப்டியில்ல. நேத்து வரைக்கும் நல்லா கீற மாதிரி கீது, இன்னிக்குப் போய்டும். ஒரு காபி இந்த வூட்ட வுட்டு வெளிய போய்டணும். உன் ஏரி வூட்டுக்குள்ள வந்தா ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணாத்தான் முழுகும்."

வெளியே போகிற பிரதி பீர்க்கன்கரணையில் மாடி வீட்டில் இருக்கும் என் தங்கையிடம் என்று முடிவானது.

குளிர்விப்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. யூடியூபில் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பார்க்க அழகாக இருந்தது.

"அதுல ஒரு பம்பு கீது," என்றார். "அது நின்னா உனக்குத் தெரியாது. தண்ணி உள்ளயே நின்னுகினு கொதிக்கும். ஃபேன் நின்னா கண்ணுக்குத் தெரியும். நீ தனியா உக்காந்து வேல செய்றவ. நின்னா தெரியற மாதிரி ஒண்ணு வெச்சிக்க."

கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. என் இரண்டு கைகளையும் சேர்த்த அளவில் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு ஏர் கூலர்; அதில் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகள்; முன்பக்கம் முழுக்க வலை, கழற்றிக் கழுவத் தூசி வடிகட்டி. வீட்டு இன்வெர்ட்டரையும் நல்லதாக மாற்றச் சொன்னார், கரண்ட் போய்ப் போய் வந்தால் டிஸ்க்குக்குத்தான் முதல் அடி என்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று அறையின் நடுவில் நின்று நான்கு சுவர்களையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். என் மேஜை எட்டு வருஷமாக மேற்கு ஜன்னலோரம் இருந்தது. வெயில் நேராக அங்கேதான் விழும்.

"இங்க வெச்சா எந்தக் கூலர் போட்டாலும் வேஸ்ட். இந்தச் செவுரு பாரு, ஜில்லுனு கீது. இங்க போட்டுக்க."

அவர் காட்டியது நடுச்சுவர். எங்களுடையது இரட்டை வீட்டில் ஒரு பாதி. ஒரே பில்டர் ஒரே சமயத்தில் கட்டிய இரண்டு வீடுகள். அந்த ஒரு சுவர் இரண்டுக்கும் பொது. அந்தப் பக்கத்து வீட்டில் வெயில் படாத, ஆள் இல்லாத அறை இருந்ததால்தான் சுவர் குளிர்ச்சியாக இருந்தது என்று நினைத்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், நாலு எட்டு நடந்தால் மேல்மூச்சு வாங்கும். முந்தைய நவம்பரில் பெங்களூரிலிருந்து மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து முன் கிரில் கதவில் ஒரு பெரிய பூட்டு. போவதற்கு முதல் நாள் அவர் என் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கும் ஒரு படம் எடுத்து ரெடி பண்ணி வெச்சிடுங்கம்மா. கடைசி நேரத்துல ஆதார் கார்டுல இருக்கறதைப் பெருசு பண்ணி மாலை போட்டுடுவாங்க."

சிரிக்காமல் சொன்னார். எடுத்தேன்.

கெட்ட டிஸ்க்கிலிருந்து அண்ணா மீட்டுக் கொடுத்தவற்றைப் புதுப் பெட்டியில் முதல் நாளே திறந்து பார்த்தேன். பெரும்பாலும் பிழைத்திருந்தன. முப்பது நாற்பது படங்கள் மட்டும் பாதியில் அறுந்திருந்தன. பட்டியலில் சின்ன அளவில் முழுதாகத் தெரியும். திறந்தால் மேல்பாதி மட்டும் வரும், கீழே வெறும் சாம்பல் நிறம். அவற்றில் அவருடையதும் ஒன்று. நெற்றி இருந்தது, கண்கள் இருந்தன. மூக்கின் பாதியோடு படம் நின்றுவிட்டது. மூக்குத் துவாரங்களோ வாயோ இல்லாமல் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மூடினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

புதுப் பெட்டி ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள், மிக மெல்ல, புஸ்ஸ் என்று ஒரு நீண்ட காற்று. ஒரு இடைவெளி. தாழ்ந்த ஒரு டக். மறுபடி புஸ்ஸ். ஒரே சீராக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு விசிறி உரசுகிறது என்று எண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே சுழன்றன. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். மத்தியானங்களில்தான் தெளிவாக இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு, வண்டிகள் வர ஆரம்பித்து, அடுத்த வீடுகளில் குக்கர் சத்தம் கிளம்பினால் அது அமுங்கிவிடும். கணவர் வந்த பிறகு அவரைச் சுவரோரம் நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் கேட்காது.

அண்ணாவைக் கூப்பிட்டேன். மதியம் மூன்று மணிக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து பெட்டியருகே காதை வைத்துக் கேட்டார்.

"ஆமா, கேக்குது," என்றார்.

ஹார்டு டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். நிற்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து உருவினார். திரை இருண்டது.

புஸ்ஸ்... டக்.

அவர் மெதுவாக எழுந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஈரம் பட்டதுபோல.

"மா, இது பொட்டில இல்ல," என்றார். "செவுத்துல கீது."

"அந்தப் பக்கம் பூட்டியிருக்குண்ணா. ஆறு மாசமா யாரும் இல்ல."

அவர் பிளக்கை மாட்டிவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனார். எப்போதும் டீ குடிக்காமல் போகாதவர்.

அன்று சாயங்காலம் வெளியே போய்ப் பார்த்தேன். பூட்டு இருந்தது. கிரில் கதவின் அடியில் வேப்பிலைச் சருகு கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. யாரும் திறந்த அடையாளமில்லை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. திரும்பும்போது மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது. இரண்டு வீட்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு; கரண்ட் செலவாகும் வேகத்துக்கு அது மின்னும். எங்களுடையது மின்னிக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டினுடையதும் மின்னிக்கொண்டிருந்தது.

"ஃப்ரிட்ஜை ஆன்ல விட்டுட்டுப் போயிருப்பார்," என்றார் கணவர். "அந்த மோட்டார்தான் உனக்குக் கேக்குது."

சரியென்றுதான் பட்டது. ஆனாலும் மறுநாள் அந்த மகளுக்குப் போன் செய்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அக்கா என்பாள். வீட்டில் ஏதோ ஓடுவதுபோலச் சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கார்க்கா. ஏப்ரல்ல திருச்சிக்குப் போனார், சித்தப்பா வீட்டுக்கு. இங்க பத்தாவது மாடி, அவருக்குப் பிடிக்கல. நேத்துகூடப் பேசினேன். அந்தப் பக்கம் வரும்போது ஃப்ரிட்ஜைப் பார்க்கறேன்."

போனை வைத்தபோது மனம் லேசானது. அவர் உயிரோடு இருக்கிறார், திருச்சியில் இருக்கிறார், சுவருக்குள் ஓடுவது பழைய ஃப்ரிட்ஜ். அந்த வாரம் ஒரு வளைகாப்பு ஆல்பத்தை நிம்மதியாக முடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன் மணி அடித்தது. இரண்டு முறை அடித்து நின்றது. பிறகு ஒரு குரல்.

"நல்லா இருக்கேன்மா... சாப்பிட்டேன்... உன் சித்தப்பா இப்பதான் வெளிய போனான்... ஆமா, இங்க காத்து நல்லாருக்கு."

ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் புஸ்ஸ், டக்.

என் கை மவுஸின் மேல் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. திருச்சியில் இருப்பவரின் குரல் என் மேஜையிலிருந்து இரண்டடி தூரத்தில், செங்கல்லுக்கு அப்பால், மகளிடம் பேசிக்கொண்டிருந்தது. அது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பேச்சு முடிந்ததும், என்ன நினைத்தேனோ தெரியவில்லை, விரல் மடித்துச் சுவரை மூன்று தரம் தட்டினேன்.

அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை. யாரோ காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அசையாமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காற்றுச் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

நான் உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல இருந்தது. இரண்டு நாள் ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் கணக்கு வழக்கில்லாத மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்னறைக் கதவைச் சாத்தி வைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை வேறு வழியில்லை, ஸ்டூடியோவிலிருந்து அவசரப்படுத்தினார்கள். முன்னறையில் வேலையில் இருந்தபோது இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. தலைக்கு மேலிருந்த மின்விசிறி ஒரு கணம் தளர்ந்து, இன்வெர்ட்டரில் பிடித்து மறுபடி சுற்றியது. கம்ப்யூட்டர் கண்ணிமைக்கவில்லை. தெரு முழுக்க அடங்கியது.

சுவரில் காற்று நின்றுபோயிருந்தது.

அடுத்த நொடி அந்தப் பக்கம் பீப் என்று ஒரு ஒலி கிளம்பி, விடாமல், ஒரே சுருதியில் நீண்டது. அலாரம். எழுந்து ஓடினேன். முன்பக்கம் பூட்டு என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. கொல்லைப்புறத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவுச் சுவர். துணி துவைக்கும் ஸ்டூலைப் போட்டு ஏறிக் குதித்தேன், நைட்டி கிழிந்தது. பின்கதவைத் தட்டக் கையை வைத்தேன். அது தானாகத் திறந்துகொண்டது. தாழ் போட்டிருக்கவில்லை.

உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் மாலை நேரம்போல இருட்டாக இருந்தது. என் மேஜைக்கு நேர் மறுபுறம், நடுச்சுவரை ஒட்டி, ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய ட்யூப். காலடியில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, ஆக்சிஜன் மெஷின், அதுதான் கத்திக்கொண்டிருந்தது. அவருடைய உதடுகள் நாவல்பழம் தின்றவை போல இருந்தன. என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு விரலை உயர்த்தி மெஷினைக் காட்டினார்.

திரும்பச் சுவர் ஏறினேன். சமையலறை ஜன்னலருகே இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் இருக்கிறது. நீள ஒயர் சுற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதில் மாட்டி, ஜன்னல் வழியே எறிந்து, சுவருக்கு மேலாக இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒயர் மெஷினுக்கு அரையடி போதவில்லை. மெஷினைத் தள்ளினேன். பிளக் பொருந்தியது. ஒரு உறுமல். பிறகு புஸ்ஸ்... டக்.

அதை நான் சுவர் வழியாக அல்லாமல் நேராகக் கேட்டது அப்போதுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் அவர் உதட்டில் நிறம் திரும்பியது.

"கதவைத் திறந்தே வெச்சிருக்கீங்களே சார்," என்றேன்.

"வர்றவங்க உடைக்க வேணாம்னுதான்," என்றார்.

யார் வருவார்கள், எப்போது, எதற்கு என்று அவர் நினைத்திருந்தார் என்பது புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

மெல்ல மெல்லச் சொன்னார். பெங்களூரிலிருந்து தம்பி வீட்டுக்குப் போனவர், பத்து நாளில் தம்பியிடம் பெங்களூருக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு, காலை ரயிலில் தனியாகத் தாம்பரம் வந்து இறங்கியிருக்கிறார். வழியில் இரண்டு முறை கண் இருட்டியதாம். முன் கிரில்லுக்குள் நின்று கம்பி வழியே கையை வெளியே விட்டு அந்தப் பூட்டை அவரே மறுபடி பூட்டியிருக்கிறார். பழைய மெஷின் இங்கேயே இருந்தது. சாப்பாட்டைப் போனில் சொன்னால் பின் சந்தில் வந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்து வாரம் அப்படியே ஓடியிருந்தது. அதற்கு முன் கரண்ட் போனதெல்லாம் இரண்டு மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டதாம்.

"எதுக்கு சார் இப்படி?"

"அங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்கம்மா. ஹால்ல நடுவுல கட்டில் போட்டாங்க. டி.வி. பாப்பாங்க, சாப்பிடுவாங்க, ஆனா ஒரு கண்ணு என் நெஞ்சு மேலயே இருக்கும். நான் மூச்சு விடறதை எல்லாரும் எண்ணிக்கிட்டே இருந்தாங்க. எண்றது தெரிஞ்சா விட முடியலம்மா."

நான் தரையைப் பார்த்தேன். மூன்று வாரமாக நானும் அதைத்தான் செய்திருந்தேன், தெரியாமல்.

"நீங்க தட்டினது கேட்டுது," என்றார். "அதுக்கு முன்னாடி உங்க பழைய கம்ப்யூட்டர் சத்தம் இருக்கும். அது இரையும்போது தைரியமா இருமுவேன், யாருக்கும் கேக்காதுன்னு. திடீர்னு ஒரு நாள் நின்னுபோச்சு. ஒரு வாரம் ஒண்ணுமே இல்ல. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். வந்து பாக்கவும் முடியல, யாரையும் கேக்கவும் முடியல. சுவத்துல காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவருடைய படம் பாதி அழிந்துபோனதையும் அப்போதே சொல்லிவிட்டேன். "விடுங்க, பொண்ணுகிட்ட நூறு படம் இருக்கு," என்றார்.

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். இன்றைக்கே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே பேசினார். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அழுதாள். மறுநாள் காலை வந்துவிட்டாள்.

ஒரு வாரம் அப்பாவும் மகளும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் இங்கேயே இருப்பார். தனி இன்வெர்ட்டர், கைவசம் ஒரு சிலிண்டர், காலையிலிருந்து மாலைவரை ஒரு அம்மா துணைக்கு. முன் கிரில் கதவில் பூட்டு இருக்காது. மகள் ஒரு நிபந்தனைதான் போட்டாள், கட்டிலை எந்த அறையில் போடுவது என்பதை அவர் தீர்மானிக்கலாம், ஆனால் அறைக்கதவைச் சாத்தக் கூடாது. அவர் நடுச்சுவர் அறையையே கேட்டார்.

ஜூனிலிருந்து அக்டோபர்வரை நான் அந்தச் சத்தத்தோடு வேலை செய்தேன். பயம் போய்விட்டது என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் கணவர் லீவில் இருந்தார். மத்தியானம் காபி எடுத்துக்கொண்டு வந்தவர், கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற நீ?"

"ஏன்?"

"அது விட்டா நீ விடற, அது நிறுத்தினா நீ நிறுத்தற."

இல்லை என்றேன். ஆனால் அன்று முழுக்கக் கவனித்தேன். சுவரில் காற்று வரும்போது என் நெஞ்சு ஏறியது. டக் என்றதும் இறங்கியது. வேண்டுமென்றே மாற்றி விட்டுப் பார்த்தேன், நாலைந்து மூச்சுக்குமேல் முடியவில்லை. எவ்வளவு நாளாக அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

மழை தொடங்கியதும் அவரே மகளைக் கூப்பிட்டு, திருச்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது, எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. தம்பி வீட்டில் தனி அறை கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கார் கிளம்பும்போது ஜன்னலை இறக்கி, "வேலையைப் பாருங்கம்மா," என்றார். அன்று வேலை ஓடவில்லை.

ஐந்து வாரம் கழித்து மகள் போன் செய்தாள். அப்பாவுக்குத் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றாள். நான் அதிகாலை ரயிலைப் பிடித்துத் திருச்சிக்குப் போனேன். வெளியூரிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருந்ததால் கண்ணாடி மூடி வைத்த ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஹாலின் நடுவில்தான். சுற்றிலும் பெண்கள் பாயில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் கால்மாட்டில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் பனி மூடியிருந்தது. அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரோ துணியால் துடைத்து வட்டம் போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் டக் என்று நின்றது. குளிர் போதுமானதும் அது நிற்கும், பிறகு தானே ஓடும் என்பது எனக்குத் தெரியும். பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. என் கைகள் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. நான் மூச்சை விடவில்லை. விட முடியவில்லை. துடைத்த வட்டத்தில் மறுபடி பனி படரத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்ப்ரஸர் உறுமிக் கிளம்பிய பிறகுதான் நெஞ்சு திறந்தது. பக்கத்திலிருந்த அம்மா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

வெளியே பந்தலில் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே சத்தம் கேட்கவில்லை. மகள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அந்த அஞ்சு வாரம், யாருக்கும் தெரியாம இருந்தப்போ, அப்பா ராத்திரியெல்லாம் எப்படிக்கா இருந்தார்? கஷ்டப்பட்டாரா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை.

"நான் மத்தியானம் மட்டும்தான் கேட்டேன்மா," என்றேன்.